மெதுவா மாஸ்டர் போனை டிக்கியில் வைத்த கதை

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் மெதுவா மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பத்தொன்பது வருட வேலை. வண்டியைக் கிளப்பும்போது "மெதுவா" என்பார். கியர் மாற்றினால் "மெதுவா". எதிரில் லாரி வந்தால் "மெதுவா, மெதுவா". பாடம் முடிந்து மாணவர் இறங்கிக் கதவைச் சாத்தும்போதும் ஒரு "மெதுவா" உண்டு. அவரிடம் படித்த பல் டாக்டர் ஒருவர், "பல்லைப் பிடுங்கும்போது என்னை அறியாம உங்க குரல்ல 'மெதுவா'ன்னு சொல்லிடறேன் மாஸ்டர். வந்தவர் எழுந்து ஓடிடறார்" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பள்ளி என்பது சாவி செய்யும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் அட்டவணை, மூலையில் பாதியாக அறுத்து உள்ளே தெரியும்படி வைத்த பழைய இன்ஜின், வரிசையாக எட்டு நாற்காலிகள். மேசைக்குப் பின்னால் முதலாளி அம்மா. வாசலில், கூரையில் பலகை கட்டிய வெள்ளைக் கார். அந்தக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பத்தொன்பது வருடமும் அவர் வலது கால் அந்த பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. வண்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

அப்புறம் போன் வந்தது.

மாஸ்டரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஐந்து பிள்ளைகளில் நாலாவது. மூத்தவர் பேசினால் வீடு எழுந்து நின்று கேட்கும். கடைக்குட்டி பேசினால் வீடு சிரிக்கும். நாலாவது வாயைத் திறந்தால், "சரி சரி, முதல்ல சாப்பிடு" என்பார்கள். வளர்ந்து வேலைக்கு வந்தால், காரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஸ்டியரிங்கை உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்திருப்பார். மாஸ்டர் சொல்லும் நகைச்சுவை எதுவும் அந்தக் காதில் ஏறாது. வீட்டுக்கு வந்தால், மனைவிக்கு எக்ஸ்ரே நிலையத்தில் வரவேற்பு வேலை. நாள் முழுக்கப் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி வருபவர், சாயந்திரம் ஒரு வார்த்தை கேட்கவும் தயாராக இருக்க மாட்டார். மகள் காதில் எந்நேரமும் ஏதோ ஒன்று செருகியிருக்கும்.

இப்படி இருக்கையில் மகள்தான் அப்பாவுக்கு ஒரு நல்ல போனை வாங்கிக் குடும்பக் குரூப்பில் சேர்த்துவிட்டாள். மாஸ்டர் முதல் நாள் ஒரு சூரியன் படத்தோடு "காலை வணக்கம்" போட்டார். ஒரு நிமிடத்தில் பதினோரு கட்டைவிரல்கள் எழுந்து நின்றன. நாற்பத்தேழு வயதில் முதல் முறையாக ஒரே நேரத்தில் பதினோரு பேர் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள். மனிதர் அசந்துபோனார்.

ஒரு வருடத்துக்குள் ஆறு குரூப்புகள். உடன்பிறந்தவர்கள் மட்டும் உள்ளது ஒன்று, உடன்பிறந்தவர்களைத் திருமணம் செய்தவர்களும் சேர்ந்தது ஒன்று, தெருக்காரர்களுக்கு ஒன்று என்று போய், கார் பள்ளியில் படித்தவர்களுக்கும் படிப்பவர்களுக்குமாக அவரே தொடங்கி அவரே தலைவராக இருந்த குரூப்பில் நூற்று நாற்பத்து மூன்று பேர். எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரு நிமிடத்துக்குள் பதில் வரும் என்று பேர் வாங்கிவிட்டார். பேர் வாங்குவது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு.

முதலில் சிக்னலில் சிவப்பு விழும்போது மட்டும் பார்த்தார். பிறகு, சாலை நேராகத்தானே இருக்கிறது என்று பார்த்தார். மாணவர் சுமாராக ஓட்ட ஆரம்பித்துவிட்டால், அவர் ஓட்ட இவர் தட்டினார். கடைசியில் மாணவர் இல்லாமல் தனியாக ஓட்டிப் போகும்போதும் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கட்டைவிரல் போனிலுமாகப் பழகிவிட்டது.

ஓட்டிக்கொண்டே தட்டினால் எழுத்து எப்படி வரும்? அவர் அக்காவின் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே, "மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்க நினைத்தார். எதிரில் ஒரு பஸ் வந்ததில் நடுவிலிருந்த எழுத்துகள் போய்விட்டன, வால் மாறிவிட்டது. குரூப்பில் போய் விழுந்தது இதுதான்: "மாமா நல்லபடியா முடிஞ்சாரா?"

இருபத்தேழு பேர் உள்ள குரூப்பில் ஐந்து நிமிடம் ஈ எறும்பு அசையவில்லை. பிறகு கட்டிலில் படுத்திருந்த மாமாவே பதில் போட்டார்: "இன்னும் முடியல மாப்ள. முடிஞ்சதும் சொல்லி அனுப்புறேன்."

அன்று சாயந்திரம் தொண்டை கட்டியிருந்தும் மனைவி பேசினார்.

"எங்க சென்டருக்குத் தினமும் வர்ற கை காலுல பாதி, 'ஒரு செகண்டுதாங்க போனைப் பார்த்தேன்'னு சொல்லிக்கிட்டேதான் வருது. உங்களுக்கும் ஒரு டோக்கன் போட்டு வைக்கட்டுமா?"

"பத்தொன்பது வருஷம்!" என்றார் மாஸ்டர். "ஒரு கீறல் காட்டு பார்ப்போம்."

"காட்டுவீங்க, காட்டுவீங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளிக்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தையல்கடை அம்மா பள்ளியில் சேர்ந்தார். ஐம்பத்து நாலு வயது. பள்ளிக்கூடச் சீருடைகளை நூற்றுக்கணக்கில் தைத்துக் கொடுப்பவர். மூட்டைகளை ஏற்றிப்போக வர வேண்டிய வேன்காரர் வாரத்தில் நாலு நாள் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வராமலே இருந்ததில் வெறுத்துப்போய், தானே ஓட்டுவது என்று முடிவு கட்டி வந்திருந்தார். முப்பது வருடம் அளவெடுத்துத் தைத்த கை. அரை அங்குலம் என்றால் அரை அங்குலம்தான்; ஒரு நூல் இப்படி அப்படிப் போகாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார். இப்படி ஒரு மாணவி வாய்த்ததே என்று மாஸ்டருக்குப் பூரிப்பு. அந்தப் பூரிப்பில் போனை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார்.

ஒன்பதாவது பாடம் நடந்த அன்று காலை, மாஸ்டர் வீட்டில் ஒரு இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றும் வேலை. இரண்டு ஆட்கள் தூக்க, மனைவியின் தம்பி மேற்பார்வை. மேற்பார்வைக்கு வந்த மச்சானுக்கு எதையும் தனியாக முடிவெடுத்துப் பழக்கமில்லை. மாஸ்டர் காரில் ஏறி உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வீடியோ அழைப்பு வந்துவிட்டது.

"அத்தான், படிக்கட்டுத் திருப்பத்துல இடிக்குது. எப்படிப் போறது?"

கார் அப்போது கடைவீதியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தையல்கடை அம்மா கண்ணாடி வழியே சாலையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். திரையில் பீரோவின் ஒரு மூலையும் ஒருவருடைய முழங்கையும் தெரிந்தன.

"லெஃப்ட்ல திருப்பு" என்றார்.

தையல்கடை அம்மா ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார்.

"இன்னும் திருப்பு. பத்தாது. முழுசாத் திருப்பு!"

முழுசாகத் திருப்பினார்.

"ஆங்! இப்ப அப்படியே மேல ஏத்து."

தையல்கடை அம்மா ஒரு கணம் யோசித்தார். எதிரில் நடைபாதை. அதற்கு அந்தப் பக்கம் மூன்று படிகள். படிகளுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கதவு.

"என்ன நிக்கிறே? பயப்படாம ஏத்து! நான் இருக்கேன்ல?" என்று அதட்டினார் மாஸ்டர்.

ஏற்றினார். மாஸ்டரின் கால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பீரோ படி ஏற ஏற, அதற்குத் துணையாக அவரும் தன் இரண்டு காலையும் மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தார். பிரேக் எங்கோ பாதாளத்தில் கிடந்தது. நடைபாதையின் விளிம்பில் கார் ஒரு முறை துள்ளியது, முதல் படியில் ஒரு முறை துள்ளியது, இரண்டாவது படியில் முன்சக்கரங்களை வைத்துக்கொண்டு இருமி அணைந்தது. மாஸ்டரின் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது.

போனில் மச்சானின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "ஏறிடுச்சு அத்தான்! சூப்பர்!"

அது ஒரு காப்பீட்டு அலுவலகம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் இந்த வாசலுக்கு யாரும் இவ்வளவு ஆர்வமாக வந்ததில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்த அதிகாரி ஒருவர் காரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வண்டியைக் காட்டணும்னு அவசியமில்லீங்க. பேப்பர் மட்டும் கொண்டுவந்தாப் போதும்" என்றார்.

நல்லவேளை, படியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. காருக்கு முன்பக்கம் அடிவயிறு நசுங்கியதோடு சரி. பள்ளிக்குத் திரும்பியதும் முதலாளி அம்மா இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்து விசாரித்தார். மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா. இவங்களுக்குக் காது கொஞ்சம்..."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் தையல்கடை அம்மா. "அதனாலதான் வண்டி படியில ஏறுச்சு."

"நான் சொன்னது பீரோவுக்குங்க! உங்களை நான் என்னைக்காவது 'திருப்பு, ஏத்து'ன்னு பேசியிருக்கேனா? 'திருப்புங்க, ஏத்துங்க'ன்னுதானே சொல்லுவேன்?"

"அதை நானும் கவனிச்சேன் மாஸ்டர். 'ங்க' காணாமப் போச்சேன்னு பார்த்தேன். மரியாதைக்கு நேரமில்லாத அளவுக்கு ஏதோ ஆபத்து போலன்னு நினைச்சு, உடனே ஏத்திட்டேன்."

முதலாளி அம்மா மேசை இழுப்பறையில் எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் குனிந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகத்தைச் சரிசெய்துகொண்டு, "இனிமே பாட நேரத்துல போன் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

அதோடு போயிருந்தால் நல்லது. ஆனால் தையல்கடை அம்மா, காரின் முன்சக்கரங்கள் படியில் உட்கார்ந்திருப்பதை வளைத்து வளைத்துப் படம் பிடித்து வைத்திருந்தார். அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் அது நூற்று நாற்பத்து மூன்று பேர் குரூப்பில் வந்துவிட்டது. கீழே ஒரே வரி: "ஒன்பதாவது பாடம்: மேலே ஏற்றுவது எப்படி?" சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் பொலபொலவென்று கொட்டின. பல் டாக்டர் "மெதுவா ஏறியிருக்கலாமே மாஸ்டர்" என்று எழுதினார்.

தலைவராக இருக்கும் குரூப்பிலேயே தலை போனால் ஒரு மனிதன் என்ன செய்வான்? மாஸ்டருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. மறுநாள் காலை பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு தனியாகப் பள்ளிக்கு வந்தார். பக்கத்து இருக்கையில் கிடந்த போன் நிமிடத்துக்கு இரண்டு முறை 'டிங்' என்றது. ஒவ்வொரு 'டிங்'கும் முதுகில் ஒரு ஊசி. அதற்குமேல் பொறுக்க முடியாமல் எடுத்தார். தன் தரப்பு நியாயத்தை எழுத ஆரம்பித்தார்.

"அனைவருக்கும் வணக்கம். என்னைப் பற்றித் தவறான படம் ஒன்று பரவுகிறது. பத்தொன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். நான் வண்டியில் இருக்கும்போது போனைத் தொடுவதே இல்" என்பது வரை வந்தார்.

கண் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு என்று நினைத்தார். அது ஒரு பிளாஸ்டிக் வாளி.

சாலையோரம் நின்றிருந்த ஒரு தள்ளுவண்டியில் தொங்கியது. வாளி, குடம், முக்காலி, துடைப்பம் எல்லாம் ஆள் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இடித்த சத்தம் பெரிதாக இல்லை. அதற்குப்பின் வந்த சத்தம்தான் பெரிது. நீலமும் பச்சையும் மஞ்சளுமாக வாளிகள் சாலை நெடுக உருண்டோடின. ஒரு குடம் சிக்னலைத் தாண்டிப் போய் நின்றது. ஒரு குழந்தைக் குளியல் தொட்டி காரின் கூரையில் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். மாஸ்டருக்கும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டது என்றுதான் பிற்பாடு அவரே சொன்னார். யாருக்கும் அடிபடவில்லை என்ற நிம்மதிச் சிரிப்பு.

இறங்கி முன்பக்கம் போனார்.

காரின் பம்பருக்கும் தள்ளுவண்டியின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் ஒரு சாப்பாட்டு டப்பா, தட்டையாக, காகிதம்போல் நசுங்கிக் கிடந்தது. சோறு தரையோடு தரையாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு, உட்கார்பவர் கழற்றி ஒழுங்காக வைப்பதுபோல் வைத்தது.

தெருக்குழாய்ப் பக்கமிருந்து வெறுங்காலோடு ஒரு பெண் வந்தார். தள்ளுவண்டிக்காரரின் மனைவி. ஈரக்கை. டப்பாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மாஸ்டர் தப்பித்திருப்பார்.

"கை கழுவப் போனேன்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், யாரிடமோ சொல்வதுபோல், "கை கழுவத்தான் போனேன்" என்றார்.

மாஸ்டர் கவிழ்ந்து கிடந்த ஒரு முக்காலியை நிமிர்த்தி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

போக்குவரத்துக் காவலர் வந்தார். காருக்குள் குனிந்து, கிளட்சின் அடியில் கிடந்த போனை எடுத்தார். திரை இன்னும் அணையவில்லை. சத்தமாகப் படித்தார்.

"நான் வண்டியில் இருக்கும்போது போனைத் தொடுவதே இல்..." நிறுத்திவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். "அதுக்கப்புறம் என்னய்யா, 'ழழழழழழ'ன்னு போட்டிருக்கு?"

"அது..." என்று இழுத்தார் மாஸ்டர். "அது வண்டி இடிச்ச இடம் சார்."

இடித்த அதிர்ச்சியில் விரல் பட்டு, ழகரங்களோடு சேர்ந்து செய்தி குரூப்புக்குப் போயிருந்தது. ஒன்பது நாற்பத்திரண்டு என்று நேரமும் பதிவாகியிருந்தது. இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தைத் தன் இருபது வருடச் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார் காவலர். படிக்காமலே பாராட்டுகிற நல்ல உள்ளங்கள் எல்லாக் குரூப்பிலும் இருக்கும் அல்லவா? அந்தச் செய்திக்கு அதற்குள் முப்பத்தோரு கட்டைவிரல்கள் விழுந்திருந்தன.

உரிமம் மூன்று மாதத்துக்கு முடக்கப்பட்டது. அதன் பிறகு மறுபடியும் ஓட்டிக்காட்டித்தான் வாங்க வேண்டும். தள்ளுவண்டிக்கு ஆன சேதத்தைப் பள்ளி ஈடு செய்தது. சாப்பாட்டு டப்பாவை மட்டும் மாஸ்டரே கடைகடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்து, கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கி மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, "இது நல்லா இறுக்கமா இருக்கு" என்றார். 

வீட்டில் மனைவி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அது மாஸ்டருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் தட்டில் கை வைத்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர், தானாகவே, "ரெண்டு நிமிஷம்டி. அவங்க ரெண்டு நிமிஷம் கழிச்சு எழுந்திருந்தா..." என்றார்.

"தெரியும். சாப்பிடுங்க" என்றார் மனைவி.

சின்ன வயதிலிருந்து கேட்டுப் புளித்த அந்த வார்த்தை அன்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

உரிமம் இல்லாத ஓட்டுநர் ஆசிரியரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலாளி அம்மா அவர் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, அட்டவணைக்கு முன்னால் நிறுத்தினார். வளைவு, குறுகிய பாலம், பள்ளிக்கூடம் அருகில் என்று குச்சி வரிசையாக நகரும். கடைசி வரிசையில் போன் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட குறியீடு வந்ததும் எட்டு நாற்காலிகளிலும் இருமல் கிளம்பும். குரூப்பில் இல்லாதவர்களுக்கும் கதை தெரிந்திருந்தது. முதல் இரண்டு வாரம் மாஸ்டர் அந்தக் குறியீட்டைத் தாண்டி ஓடினார். மூன்றாவது வாரம் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பீரோவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். பீரோவுக்கும் வாளிக்கும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. செய்தித்தாள் விரித்திருந்த இடத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. ஒருவர் பையிலிருந்த தன் போனைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

தையல்கடை அம்மா வேறொரு ஆசிரியரிடம் படித்து முதல் தடவையிலேயே தேறிவிட்டார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த மாஸ்டரைப் பார்த்து வேனை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். பின்னால் சீருடை மூட்டைகள். தெருமுனை வந்தது. மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி அழுத்தியது. அடுத்த முனையிலும் அழுத்தியது.

"மாஸ்டர், அங்க பிரேக் இல்ல."

"தெரியுதும்மா. கால் கேக்க மாட்டேங்குது."

"எத்தனை மாசமா?"

"பத்தொன்பது வருஷமா" என்றார் மாஸ்டர். பிறகு கொஞ்சம் தயங்கி, "நடுவுல ஒரு வருஷம் லீவு விட்டிருந்தேன்" என்றார். தையல்கடை அம்மா அடுத்த முனையில் தானாகவே வேகத்தைக் குறைத்தார்.

மூன்று மாதம் முடிந்து தேர்வு நாள் வந்தது. காரின் கதவைத் திறந்து பழக்கதோஷத்தில் ஆசிரியரின் இருக்கையில் உட்காரப் போன மாஸ்டர், அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரியின் மடியில் பாதி அமர்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுச் சுற்றிவந்து சரியான இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பூப்போல வண்டியை எடுத்தார். அதிகாரி முகத்தில் திருப்தி. வளைவு, பின்னால் எடுப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது எல்லாம் ஆயிற்று. திரும்பி வரும் வழியில் சட்டைப் பையில் போன் 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது. மாஸ்டர் எதையும் நினைக்கவில்லை, தீர்மானிக்கவில்லை. கை போய்ப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஓரமா நிறுத்திட்டு இறங்குங்க" என்றார் அதிகாரி.

நூற்றுக்கணக்கான பேரைத் தேர்வில் தேறவைத்தவர், தான் தேறாமல் வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியெல்லாம் தன் வலது கையை, யாரோ வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார். புத்தி திருந்திவிட்டது. கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. அதனால் கையை நம்பி இனி எதையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தார்.

அடுத்த மாதம் மறுபடி போனபோது, போனைக் காரின் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். தேறினார். அன்றிலிருந்து அதுதான் போனின் இடம். பாடம் நடக்கும்போது பின்னாலிருந்து மெல்லிசாக மணியடிக்கும். புதிதாக வந்தவர்கள் பயந்து, "மாஸ்டர், வண்டியில ஏதோ கோளாறு" என்பார்கள். "கோளாறைத்தான் பூட்டி வெச்சிருக்கேன். நீங்க ரோட்டைப் பாருங்க" என்பார்.

இதில் இழப்பு இல்லாமல் இல்லை. ஒரு நிமிடத்தில் பதில் என்ற பேர் போயிற்று. நூற்று நாற்பத்து மூன்று பேர் குரூப்பின் தலைமையைப் பல் டாக்டர் எடுத்துக்கொண்டார். தெருவில் தண்ணீர் வராது என்ற செய்தி தெரியாமல், தலைக்குச் சோப்புப் போட்டுவிட்டு நின்ற நாள்களும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பாடம் முடித்து டிக்கியைத் திறந்தார். குடும்பக் குரூப்பில் எழுபது செய்திகள். மேலே தள்ளித் தள்ளிப் போய்ப் பார்த்தால், பதினொன்றே காலுக்கு மகள் போட்டிருந்தாள்: கப்பல் சரக்கு அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரியண்ணன், அக்கா, மாமா, மச்சான் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வாழ்த்திவிட்டிருந்தார்கள். பெற்ற அப்பாதான் கடைசி. பெரியண்ணன் இரண்டு தடவை, "எங்கே அவனைக் காணோம்?" என்றும் கேட்டிருந்தார்.

மாஸ்டர் கட்டைவிரலை வைத்தார். ஒரு பூங்கொத்துப் படத்தைத் தேடினார். பிறகு என்ன தோன்றியதோ, போனைத் திரும்ப டிக்கியிலேயே போட்டு மூடிவிட்டு நேரே வீட்டுக்கு ஓட்டினார்.

கதவைத் திறந்த மகளின் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. "இப்பத்தான் தெரிஞ்சுதாப்பா?"

"இப்பத்தான்மா. தெரிஞ்சதும் வந்துட்டேன். எப்படி ஆச்சு? முதல்லேருந்து சொல்லு."

அவள் காதில் இருந்ததைக் கழற்றினாள். நேர்காணல் எட்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவள் வியர்த்து விறுவிறுத்துப் படியேறி உள்ளே போனால், கேள்வி கேட்க வேண்டிய மேலாளரும் அதே படிகளில் ஏறி வந்து அவளைவிட மோசமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேச முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்து மூச்சுவிட்டார்கள். முதல் கேள்வியே, "நடுவுல எங்கேயாவது உட்கார்ந்தீங்களா?" என்பதுதான். அவள், "ஆறாவது மாடியில சார்" என்றாள். "நான் மூணாவதிலேயே உட்கார்ந்துட்டேன்" என்றார் அவர்.

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எழுபது செய்திகளில் எங்கேயும் இந்தக் கதை இல்லை. அவர் அதையும் இதையும் கேட்டார்; அவள் நடித்தே காட்டினாள். எக்ஸ்ரே நிலையத்திலிருந்து சாப்பாட்டு இடைவேளைக்கு வந்த மனைவி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கம்மிய குரலில், "எனக்கும் முதல்லேருந்து சொல்லுடி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் மறுபடி முதல் மாடியிலிருந்து ஏறத் தொடங்கினாள்.

இரண்டு மணிப் பாடத்துக்கு மாஸ்டர் அன்று முப்பத்தைந்து நிமிடம் தாமதம். பள்ளி வாசலில் வெயிலில் காத்து நின்ற மாணவர் ஒன்பது தடவை கூப்பிட்டுப் பார்த்திருந்தார். ஒன்பது தடவையும் அது டிக்கியில், ஸ்டெப்னியின் காதில் அடித்துக்கொண்டு கிடந்தது.